தொலைவின் குரல்கள், அருகின் தடுமாற்றங்கள்: 'தி பேண்ட்ஸ் விசிட்' இசைநாடகத்தை ஒலிப்பதிவில் கேட்பது குறித்து

1. கேள்வி

பிராட்வே இசைநாடகம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை படிக்கட்டுகளில் இறங்கி வரும் நடனக் கூட்டம், பித்தளைக் கருவிகளின் முழக்கம், அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்டும் உச்சக் குரல் ஆகியவையே. இவை எதுவுமில்லாத ஒரு நாடகம் 2018-ஆம் ஆண்டு டோனி விருதுகளில் பத்தை வென்றது. டேவிட் யாஸ்பெக் இசையும் பாடல்களும் எழுத, இட்டமார் மோசஸ் உரையாடல் எழுத, டேவிட் குரோமர் இயக்கிய 'தி பேண்ட்ஸ் விசிட்' அது. எரான் கோலிரினின் 2007-ஆம் ஆண்டுத் திரைப்படம் இதற்கு மூலம்.

கதை சிறியது. எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நகரக் காவல்துறை இசைக்குழு, 1996-இல், இஸ்ரேலின் பெத்தா டிக்வா நகரில் நடக்கவிருக்கும் அரபுப் பண்பாட்டு மைய விழாவுக்குப் புறப்படுகிறது. ஊர்ப்பெயர் உச்சரிப்பில் நேர்ந்த குழப்பத்தால் பெத் ஹத்திக்வா என்ற கற்பனையான பாலைவனச் சிற்றூரில் போய் இறங்குகிறது. மறுநாள் காலைவரை பேருந்து கிடையாது. உணவகம் நடத்தும் தீனாவும் அக்கம்பக்கத்தாரும் அவர்களுக்கு ஓரிரவு இடம் கொடுக்கிறார்கள். காலையில் குழு கிளம்பிவிடுகிறது. நடந்தது ஒன்றும் பெரிதல்ல என்று நாடகமே தொடக்கத்தில் நமக்குச் சொல்லிவிடுகிறது.

இந்த நாடகத்தின் நடிகர்குழு ஒலிப்பதிவை கோஸ்ட்லைட் ரெக்கார்ட்ஸ் 2017 டிசம்பரில் வெளியிட்டது. 2019-இல் அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. மேடையில் இடைவேளையின்றி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடுவது, பதிவில் கிட்டத்தட்ட அதில் பாதியாகிறது. உயிர் முழுவதும் மௌனத்திலும் தயக்கத்திலும் இருக்கும் ஒரு நாடகத்திலிருந்து பாடல்களை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டால் நம் கையில் எது மிஞ்சுகிறது, எது நழுவுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. ஆவணமா, தனிப்படைப்பா?

நடிகர்குழு ஒலிப்பதிவைப் பற்றிப் பொதுவாக இரண்டு பார்வைகள் உண்டு. மேடையில் நடந்ததன் ஆவணம், பார்த்தவர்களுக்கு நினைவுப்பொருள், பார்க்காதவர்களுக்கு ஆறுதல் என்பது ஒன்று. மேடையைச் சாக்காகக் கொண்டு ஒலிப்பதிவுக்கூடத்தில் பிறக்கும் தனிப்படைப்பு என்பது மற்றொன்று.

வரலாறு முதல் பார்வைக்கு அவ்வளவாகத் துணை நிற்பதில்லை. இவ்வகைப் பதிவுகளின் வணிகத் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடும் 'ஓக்லஹோமா!' இசைத்தட்டுத் தொகுப்பை டெக்கா நிறுவனம் 1943-இல் வெளியிட்டது. நாடகம் மார்ச்சில் அரங்கேறியது. இசைக்கலைஞர் சங்கத்தின் பதிவு மறுப்புப் போராட்டம் காரணமாகத் தட்டு ஆண்டின் இறுதியில்தான் வந்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சமே கொள்ளும் 78 சுழற்சித் தட்டுகள் அவை. பாடல்களைத் தட்டின் அளவுக்கு வெட்டித்தான் ஆக வேண்டும். பின்னர் வந்த துணைத் தொகுப்பில், ஜட் என்ற பாத்திரத்தின் தனிப்பாடலை மேடையில் அதைப் பாடிய ஹோவர்ட் டா சில்வா பாடவில்லை. அந்தப் பாத்திரத்தின் எதிரியாக நடித்த ஆல்ஃபிரட் டிரேக் பாடினார். ஆவணம் என்று நாம் நம்பிக் கேட்பதில் கதாநாயகனின் தொண்டையிலிருந்து வில்லனின் தனிமை ஒலிக்கிறது!

1948-இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேரத் தட்டை அறிமுகப்படுத்திய பிறகு நிலைமை மாறியது. அந்நிறுவனத்தின் காடர்ட் லீபர்சன் நாடகப் பதிவைத் தனிக்கலையாகவே நடத்தினார். வீட்டில் அமர்ந்து கேட்பவருக்கு எது தேவை என்பதை வைத்தே வேகத்தையும் முன்னுரையாடலையும் அவர் தீர்மானித்தார். 1956-இல் 'மை ஃபேர் லேடி'யின் முழு மூலதனத்தையும் அந்நிறுவனத்தின் தாய் நிறுவனமான சிபிஎஸ்ஸே போட்டது. நாடகம் தட்டுக்கு விளம்பரமா, தட்டு நாடகத்துக்கு விளம்பரமா என்று பிரிக்க முடியாத நிலை. அதே ஆண்டில் 'தி மோஸ்ட் ஹேப்பி ஃபெல்லா' கிட்டத்தட்ட முழுவதுமாக மூன்று தட்டுகளில் வந்தது. அந்த முழுமை ஆசையின் இன்றைய வாரிசு 2015-இல் வந்த 'ஹாமில்டன்'. உரையாடலே பாட்டாகிவிட்ட நாடகம் அது; அதனால் 46 தடங்களில் ஏறக்குறைய நாடகம் முழுவதும் அடங்கிவிட்டது.

'தி பேண்ட்ஸ் விசிட்' இதற்கு நேர் எதிர்முனை. பாடாத நேரத்தில்தான் இங்கே பெரும்பாலானவை நிகழ்கின்றன. ஆகவே பழைய இரு பார்வைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தீர்ப்பெழுதுவது இதற்குப் பயன்படாது. எந்தப் பகுதி பதிவில் பிழைக்கிறது, எது பிழைக்கவில்லை என்று பாடல் பாடலாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

3. மேடையின் அருகாமையும் ஒலிவாங்கியின் அருகாமையும்

நெருக்கமான நாடகங்களைப் பதிவில் கேட்பது குறித்து அடிக்கடி வரும் குறை ஒன்று: அரங்கில் மூச்சுவிடும் மனிதர்கள் இருந்தார்கள், தட்டில் வெறும் ஒலி மட்டுமே இருக்கிறது. கேட்க நியாயமாகத் தோன்றும் இக்கூற்று பாதிதான் உண்மை.

இந்நாடகம் 2016-இன் இறுதியில் அட்லாண்டிக் தியேட்டர் கம்பெனியின் அரங்கில் தொடங்கியது. பழைய தேவாலயக் கட்டடமான அதில் 199 இருக்கைகள். மறு ஆண்டு நவம்பரில் எத்தல் பேரிமோர் அரங்குக்கு மாறியபோது பார்வையாளர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அவ்வளவு பெரிய இடத்தில் ஒருத்தி தனக்குள் முணுமுணுப்பது பின்வரிசைக்கு எப்படிக் கேட்கும்? நடிகர்களின் உடலில் பொருத்தப்பட்ட சிறு ஒலிவாங்கிகளும், அரங்கெங்கும் கவனமாக வைக்கப்பட்ட ஒலிபெருக்கிகளும்தான் அதைச் சாத்தியமாக்கின. சில ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஒலியமைப்புக்கான டோனி விருது 2018-இல் திரும்ப வந்தபோது, இசைநாடகப் பிரிவில் அதைப் பெற்றவர் இந்நாடகத்தின் கை ஹராடா. முழக்கமிடும் நாடகத்துக்குத்தான் ஒலியமைப்பு தேவை என்று நினைப்பவர்கள் இந்தத் தேர்வைக் கவனிக்க வேண்டும். முழக்கத்தை எல்லோருக்கும் கேட்கச் செய்வது எளிது. முணுமுணுப்பை முணுமுணுப்பாகவே வைத்துக்கொண்டு ஆயிரம் பேருக்குக் கேட்கச் செய்வது கடினம்.

ஆக, பேரிமோர் அரங்கின் நெருக்கமும் ஒலிவாங்கி கட்டி எழுப்பியதே. நேரடி, பதிவு என்று கோடு கிழித்து முதலதற்கு உண்மையையும் இரண்டாவதற்கு நகலையும் பங்கு பிரிப்பது இங்கே செல்லாது. 199 இருக்கைகளில் இருந்த அருகாமையைப் பெரிய அரங்கைவிடப் பதிவு கூடுதலாகத் திருப்பித் தருகிறது என்றுகூட வாதிடலாம். தீனாவாகப் பாடும் கேட்ரினா லெங்க் சொற்களை விடும் விதத்தில், குறிப்பாகத் தாழ்ந்த சுருதியில் அவர் ஒரு சொல்லின் கடைசி எழுத்தைக் கைவிடும் விதத்தில், காதருகே வைத்த ஒலிக்கு மட்டுமே கிடைக்கும் நுணுக்கம் இருக்கிறது.

4. வானொலியில் வந்தவர்கள்

நாடகத்தின் மையமான பாடல் எகிப்திய நடிகர் ஓமர் ஷெரீஃபின் பெயரைத் தாங்கியது. குழுத் தலைவர் தவ்ஃபிக்கோடு உணவு மேசையில் அமர்ந்திருக்கும் தீனா, தன் சிறுவயதில் வீட்டு வானொலியில் எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் குரலும், தொலைக்காட்சியில் ஓமர் ஷெரீஃபின் முகமும் வந்து சேர்ந்ததை நினைவுகூர்கிறாள். எகிப்தியர் ஒருவர் எதிரில் அமர்ந்திருக்க, அவள் பேசுவதோ காற்றலையில் வந்த எகிப்தைப் பற்றி.

இதன் வரலாற்றுப் பின்னணி நாடகத்தில் விளக்கப்படுவதில்லை. ஆனால் தெரிந்தால் பாடல் கனக்கிறது. உம் குல்தூமின் மாதாந்தர வியாழக்கிழமைக் கச்சேரிகளைக் கெய்ரோ வானொலி பல பத்தாண்டுகள் நேரடியாக ஒலிபரப்பியது. எல்லைகளுக்கு அந்த அலைகள் கட்டுப்படவில்லை. அரபு நாடுகளிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த யூதர்களின் வீடுகளிலும் அவர் குரல் ஒலித்தது, இரு நாடுகளும் போரில் இருந்த காலத்திலும். 1968-இல் தொடங்கிய இஸ்ரேல் தொலைக்காட்சியில் நெடுங்காலம் ஒரே அலைவரிசைதான். வெள்ளிக்கிழமைகளில் அதில் ஓடிய அரபுத் திரைப்படம் ஒரு தலைமுறையின் பொது நினைவு. இடையில் ஒரு வேடிக்கை: 1970-களில் வண்ண ஒளிபரப்பு சமத்துவத்தைக் கெடுக்கும் ஆடம்பரம் என்று கருதிய இஸ்ரேல் அரசு, வெளிநாட்டு நிகழ்ச்சிகளின் வண்ணத்தை அழித்தே ஒளிபரப்பியது, மக்கள் அந்த அழிப்பை முறியடிக்கும் கருவியை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். தீனா நினைவுகூரும் கறுப்பு வெள்ளையில் 1950-களின் எகிப்தியப் படச்சுருள் பாதி, அரசாங்கத்தின் சிக்கனம் பாதி.

ஓமர் ஷெரீஃபின் வாழ்விலேயே இந்த எல்லைச் சிக்கல் உண்டு. அலெக்சாண்ட்ரியாவில் பிறந்த அவர், பிராட்வே இசைநாடகமான 'ஃபன்னி கேர்ள்' 1968-இல் திரைப்படமானபோது யூதரான பார்ப்ரா ஸ்ட்ரெய்சாண்டின் இணையாக நடித்தார். 1967 அரபு-இஸ்ரேல் போரின் சூட்டில் எகிப்தியப் பத்திரிகைகள் அவரைக் கடுமையாகச் சாடின. அந்தப் பெயரை ஒரு பிராட்வே பாடலின் தலைப்பாக்கிய யாஸ்பெக் லெபனான் வழித் தந்தைக்கும் யூத, இத்தாலிய வழித் தாய்க்கும் பிறந்தவர். 'தி ஃபுல் மான்டி' (2000), 'டர்ட்டி ராட்டன் ஸ்கவுண்ட்ரல்ஸ்' (2005) போன்ற நகைச்சுவை நாடகங்களில் சொல் விளையாட்டுக்கும் அதிரடித் தாளத்துக்கும் பேர் பெற்ற அவரிடம் இந்த அடக்கத்தை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

இதே வரிசையில் சேர்வது இளம் இசைக்கலைஞன் ஹாலெதின் பாடல். சந்திக்கும் பெண்களிடமெல்லாம் ஜாஸ் பாடகர் சேட் பேக்கரைப் பிடிக்குமா என்று கேட்பது அவன் வழக்கம். 1954-இன் 'சேட் பேக்கர் சிங்ஸ்' தட்டில் கேட்பது போன்ற அந்தக் கிசுகிசுப்பு ஒலிவாங்கி இல்லாமல் இருந்திருக்கவே முடியாது. இரண்டாம் வரிசைக்குக்கூட அது எட்டியிருக்காது. அரியேல் ஸ்டாச்செல் பாடும் காதல் அறிவுரையும் அந்த ஜாஸ் மென்குரலின் வழிவந்ததே.

உம் குல்தூம், ஓமர் ஷெரீஃப், சேட் பேக்கர் மூவரும் இந்நாடகத்தில் மேடையேறுவதில்லை. ஆனால் பாத்திரங்களின் மிக அந்தரங்கமான உறவுகள் இவர்களோடுதான். வானொலி, தொலைக்காட்சி, இசைத்தட்டு ஆகியவற்றின் வழியாக மட்டுமே அறிந்த மனிதர்களைப் பற்றிப் பேசித்தான் தீனாவும் தவ்ஃபிக்கும், அவ்வூர் இளைஞன் பாப்பியும் ஹாலெதும் ஒருவரையொருவர் நெருங்குகிறார்கள். அப்படியானால் இந்நாடகத்தைத் தட்டில் கேட்பவர் அரங்குக்கு வெளியே தள்ளப்பட்டவர் அல்லர். அலெக்சாண்ட்ரியாவைப் பாராமலே அதன் குரலைத் தன் வீட்டில் வாங்கிக்கொண்ட சிறுமி தீனாவின் இடத்தில் அவர் இருக்கிறார். ஓமர் ஷெரீஃப் பாடல் பதிவில் முழு வலிமையோடு நிற்பதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். ஜாம்ஷீட் ஷரிஃபியின் வாத்திய அமைப்பும் இதற்குத் துணை. ஊத், தர்புகா, ரிக் ஆகிய அரபு வாத்தியங்களும் கிளாரினெட், வயலின், செல்லோ ஆகியவையும் குரலைத் தாங்கிப் பிடிப்பதைவிட அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகின்றன. மேடையில் காட்சி மாற்றங்களுக்கு நடுவே வரும் 'சொராயா', 'ஹஜ்-புட்ருஸ்' என்ற இரு வாத்தியப் பகுதிகள் பதிவில் கண்ணின் குறுக்கீடு இல்லாமல் தனித்து நின்று பேறு பெறுகின்றன.

5. எது காதில் விழவில்லை

இவ்வளவும் வரவு, செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அரங்கின் காட்சியழகை இழந்தோம் என்பது பெரிய இழப்பாக எனக்குப் படவில்லை. இழந்தது அரைகுறை ஆங்கிலத்தை.

எகிப்தியர்களுக்கு ஹீப்ரு தெரியாது. பெத் ஹத்திக்வாகாரர்களுக்கு அரபி வராது, அல்லது பாட்டி காலத்து மிச்சமாகச் சில சொற்கள் வரலாம். இரு தரப்பும் தமக்குச் சொந்தமில்லாத ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் பேசுகிறார்கள். மூலப்படத்தில் ஆங்கிலம் அதிகம் என்ற காரணத்தால் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் போட்டியிலிருந்தே அது விலக்கப்பட்டது. ஒரு விருதுக் குழுவின் விதிப்புத்தகம் தற்செயலாக அப்படத்தின் சாரத்தைத் தொட்டுவிட்ட தருணம் அது. வாக்கியம் பாதியில் நிற்பதும், சரியான சொல்லுக்கு இரு முகங்களும் தேடுவதும், சம்பந்தமில்லாத பதில் வந்ததும் இருவரும் அதை ஏற்றுக்கொண்டு நகர்வதும்தான் நாடகத்தின் செயல்.

பாடல் தொடங்கியதும் இந்தத் தடுமாற்றம் மறைந்துவிடுகிறது. இசைநாடக மரபில் பாட்டு என்பது மனத்தின் பேச்சு; மனம் திக்குவதில்லை. மேடையில் இந்த மாற்றத்தை நாம் பார்க்கிறோம்: ஒரு கணம் முன்னே சொல் கிடைக்காமல் நின்றவள் இப்போது சரளமாகப் பாடுகிறாள், எதிரில் இருப்பவருக்கோ அதில் ஒரு சொல்லும் போய்ச்சேரவில்லை. பதிவில் சரளம் மட்டுமே இருக்கிறது. திக்கல் இல்லாததால் சரளத்தின் விலை நமக்குத் தெரிவதில்லை. பாடல்களை மட்டும் கேட்கும் ஒருவர், ஒருவரையொருவர் நன்கு புரிந்துகொண்ட மனிதர்களின் கதை இது என்று எண்ணிவிடக்கூடும்.

இதற்கு மிகக் கூர்மையான சான்று தவ்ஃபிக்காக நடித்த டோனி ஷாலூப் அரபியில் பாடும் 'இத்கர்ராஅ'. தீனாவுக்காக அவர் பாடுகிறார். அவளுக்கு முழுதாகப் புரியவில்லை. அமெரிக்கப் பார்வையாளருக்கும் புரியவில்லை. மேடையில் நம் கண்கள் கேட்பவளின் முகத்தின் மேலேயே இருக்கும். புரியாமையைச் சுவைப்பது எப்படி என்று அவள் நமக்குக் காட்டுகிறாள். அதையடுத்து அவள் பாடும் 'சம்திங் டிஃபரன்ட்' அந்த முகத்திலிருந்தே பிறக்கிறது. பதிவில் முகம் இல்லை. அந்த அரபிப் பாட்டு அடுத்த தடத்துக்கு முன்னுள்ள ஒரு சிறு முகவுரையாகச் சுருங்கி, அவசரக்காரர் தாவிச் செல்லும் தடமாகிவிடுகிறது.

பேச்சோடு உச்சரிப்பும் வர்க்கமும் சேர்ந்தே போகின்றன. பெத் ஹத்திக்வா கற்பனையூர் என்றாலும் அதன் மாதிரி கற்பனையல்ல. 1950-களில் நெகேவ் பாலைவனத்தில் இஸ்ரேல் அரசு உருவாக்கிய யெரூஹாம், திமோனா போன்ற ஊர்களில், மொராக்கோ முதலிய நாடுகளிலிருந்து வந்த யூதர்கள் பெருமளவில் குடியமர்த்தப்பட்டார்கள். ஐரோப்பிய வழி யூதர்களின் ஆதிக்கத்தில் வளர்ந்த நாட்டில் அவை புறக்கணிக்கப்பட்ட ஓரங்கள். படத்தில் தீனாவாக நடித்த, 2016-இல் மறைந்த ரோனித் எல்கபெட்ஸ் மொராக்கோ யூதக் குடும்பத்தவர். அவர் பேச்சிலும் நடையிலும் அந்த வரலாறு இருந்தது. இந்நாடகம் அரசியலைத் தவிர்க்கிறது என்ற விமர்சனம் உண்டு. மேடையைப் பொறுத்தவரை அதை நான் முழுதாக ஏற்கவில்லை. அரபி பாடும் விருந்தாளியின் முன்னே, அரபு இசையில் வளர்ந்தும் அரபியை இழந்த ஒரு யூதப் பெண் உட்கார்ந்திருப்பது போதுமான அரசியல். ஆனால் ஆல்பத்தின் மேல் அவ்விமர்சனம் கூடுதலாகப் பொருந்தும். ஊரின் சலிப்பு அங்கே நகைச்சுவைப் பாட்டாக வந்து போகிறது. சலிப்பின் காரணம் வருவதில்லை.

6. தொலைபேசி அருகில்

நாடகத்தின் தொடக்கப் பாடல் 'வெயிட்டிங்'. முடிவை நெருங்கும்போது வருவது 'ஆன்சர் மீ'. தெருவோரப் பொதுத் தொலைபேசியருகே காதலியின் அழைப்புக்காக ஓர் இளைஞன் இரவுகளைக் கழிக்கிறான். அவனுக்குப் பெயர்கூட இல்லை. குழுவினர் ஒருவருக்கு அவசரமாகத் தொலைபேசி வேண்டியிருந்தாலும் அவன் நகர மாட்டேன் என்கிறான். பார்வையாளர் அவனை வேடிக்கைப் பாத்திரமாகவே கருதப் பழகியிருக்கும்போது ஆடம் கான்டர் பாடத் தொடங்குகிறார். பிறகு ஒவ்வொருவராக ஊரே அவன் குரலில் சேர்கிறது.

மேடையில் இப்பாடலின் பலம் அதற்கு முன்னே கழிந்த நேரத்தில் சேமிக்கப்பட்டது. காத்திருப்பைப் பார்வையாளரும் உடன் அனுபவித்திருக்கிறார். பதிவில் அந்தச் சேமிப்பு இல்லாமலே அவன் வருகிறான். ஆனாலும் பாடல் தோற்கவில்லை. காரணம் அதன் கட்டுமானத்தில் இருக்கிறது. தனிக்குரல், அதன் பின்னே இன்னொன்று, பிறகு அடுக்கடுக்காகக் குரல்கள் என்ற வளர்ச்சி, யார் எவர் என்று தெரியாத நிலையில் வேறொரு பொருள் கொள்கிறது. மேடையில் தீனா, ஊர்க்காரன் இட்ஸிக், தவ்ஃபிக் என்று நாமறிந்தவர்களின் ஏக்கங்கள் ஒன்று சேர்கின்றன. பதிவில் ஆளடையாளம் கரைந்து, இருளில் பல வீடுகளிலிருந்து ஒலிப்பது போன்ற பொதுக்குரலாகிறது. இரண்டில் எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது மட்டும் உறுதி. நடிகர்குழு ஒலிப்பதிவை நினைவுப்பொருள் என்று ஒதுக்குபவர்கள் இப்பாடலுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

7. கடைசித் தடம்

ஆல்பத்தின் இறுதியில் வருவது குழுவின் கச்சேரி. நாடகம் முழுக்க நாம் கேட்கக் காத்திருந்த இசை இது. மேடையில் நடிகர்கள் வணங்கி முடித்த பிறகு, கதையின் சுவர் விழுந்துவிட்ட வெளியில், கலைஞர்கள் பார்வையாளருக்காகவே வாசிக்கிறார்கள். தர்புகா தாளம் ஏற ஏற, ஓரிரவு விருந்தோம்பிய ஊரின் இடத்தில் இப்போது அரங்கே இருக்கிறது. கைதட்டல் இங்கே பாராட்டு மட்டுமல்ல, வாத்தியங்களில் ஒன்று.

பதிவில் அதே இசை துல்லியமாக இருக்கிறது, கேட்போர் இல்லை. ஒலிப்பதிவுக்கூடத்தில் எடுப்பது, பார்வையாளரை விலக்குவது என்ற பிராட்வே வழக்கத்தை இந்த ஆல்பமும் பின்பற்றியிருக்கிறது. மற்ற தடங்களுக்கு அது பொருத்தமே. தனியறையில் கேட்கும் காதுக்கு எழுதப்பட்டவை அவை. இந்தத் தடத்துக்கு அது பொருந்தவில்லை. அரபு இசை மரபில் பாடகருக்கும் கேட்போருக்கும் இடையே ஓடும் பரவச ஓட்டத்துக்குத் தரப் என்று பெயர். உம் குல்தூம் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடியதும், ஒரு பாடல் ஒரு மணி நேரம்வரை நீண்டதும் எதிரில் இருந்தவர்கள் கூவிக் கேட்டதால். கெய்ரோ வானொலி அந்தக் கூவல்களை வெட்டாமல் சேர்த்தே ஒலிபரப்பியது. தீனாவின் தாய் வீட்டு வானொலியில் வந்தது பாடகியின் குரல் மட்டுமல்ல. ஓர் அரங்கு முழுக்க இருந்த அறிமுகமற்ற மனிதர்களின் பெருமூச்சும்தான்.

ஆல்பத்தை உருவாக்கியவர்கள் இந்தக் கடைசித் தடத்தை மட்டுமாவது பேரிமோர் அரங்கிலேயே, ஏதோ ஓர் இரவின் கூட்டத்தோடு சேர்த்துப் பதிந்திருக்கலாம். ஒலித்தூய்மை கொஞ்சம் கெட்டிருக்கும், யாரோ இருமியிருப்பார்கள், சிலர் தாளம் தவறித் தட்டியிருப்பார்கள். இட்ஸிக்கின் தாலாட்டுக்கும் தீனாவின் பாடல்களுக்கும் பிறகு அந்த இரைச்சல் காதுக்கு இடறலாக இருந்திருக்கும் என்ற மறுப்பு வரலாம். இடறியிருக்கட்டும், பெத் ஹத்திக்வாவில் எதுவும் இடறாமல் நடக்கவில்லை.